சந்தேக நபரின் தாளைக் கடைசியில் திறவுங்கள்

அரசு ஆய்வகம் ஒன்றின் டி.என்.ஏ. பிரிவில் 24 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க இப்போதும் அவ்வப்போது கூப்பிடுகிறார்கள். வருகிறவர்களுக்கு பிசிஆர் தெரியும், பைப்பெட் பிடிக்கத் தெரியும், மென்பொருளில் எதை அமுக்கினால் எது வரும் என்பது என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு சாம்பிளின் டி.என்.ஏ.வை மெஷின் வரைந்து தரும் கிராஃபை முன்னால் வைத்து "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் அடுத்த தாளைத் திருப்பிச் சந்தேக நபரின் எண்களைத் தேடுகிறார்கள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் என் வகுப்பில் பாதி வேலை.

நானும் அப்படித் தேடியவள்தான். சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு கத்திப் பிடியில் துடைத்தெடுத்த சாம்பிள் வந்தது. இரண்டு பேருடையது கலந்திருந்தது. பெரும்பங்கு இறந்தவருடையது, சிறு பங்கு இன்னொருவருடையது. டி.என்.ஏ.வில் ரிப்பீட் என்ற ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும் இடத்தை லோகஸ் என்போம். அது எத்தனை முறை வருகிறது என்பதுதான் எண், ஒருவருக்கு ஒரு லோகஸில் இரண்டு எண். டி18எஸ்51 என்ற லோகஸில் நான்கு பீக், அதாவது கிராஃபில் எழும் கூம்பு: 12-இல் உயரம் 165, 13-இல் 1650, 16-இல் 1510, 18-இல் 190. இறந்தவருக்கு அந்த இடத்தில் 13, 16. போலீஸ் பிடித்திருந்த ஆளுக்கு 12, 18. சரியாகப் போய்விட்டது என்று சிறு பங்குக்காரருக்கு "12, 18" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

இரண்டாவதாகப் படித்துப் பார்த்த சீனியர் சிவப்புப் பேனாவால் 12-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஆளுக்கு 13, 18-ன்னு இருந்திருந்தா இந்த 12-ஐ எழுதியிருப்பியா?"

எழுதியிருக்க மாட்டேன். ஸ்டட்டர் என்று சொல்லித் தள்ளியிருப்பேன். பிசிஆர் நகலெடுக்கும்போது இழை சில சமயம் ஒரு ரிப்பீட் வழுக்கிவிடும். அதனால் உண்மையான பீக்குக்கு ஒரு படி முன்னால் அதன் நிழல் மாதிரி ஒரு சின்ன பீக் வரும். அதுதான் ஸ்டட்டர். 1650-க்கு 165 என்பது பத்து சதம். அந்த லோகஸில் அது சாதாரண ஸ்டட்டர் அளவு. அதை நான் அலீலாக, அதாவது ஒருவருடைய உண்மையான எண்ணாக, படித்ததற்குக் காரணம் கிராஃபில் இல்லை. மேஜையில் திறந்து கிடந்த இன்னொரு தாளில் இருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. 12 என் கண்ணுக்கு அலீலாகவேதான் தெரிந்தது. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இது என் ஒருத்தியின் பலவீனம் இல்லை. இட்டியெல் ட்ரோர், கிரெக் ஹாம்பிகியன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டு வன்புணர்வு வழக்கின் கலவை கிராஃபை, வழக்கு விவரம் எதுவும் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். அசல் வழக்கில் ஆய்வகம் சந்தேக நபரை விலக்க முடியாது என்று சொல்லியிருந்தது. 17 பேரில் ஒருவர்தான் அதே முடிவுக்கு வந்தார். 4 பேர் முடிவு சொல்ல முடியாது என்றார்கள். 12 பேர் அவரை விலக்கிவிட்டார்கள்.

படிக்கும் வரிசை

அதனால் வரிசையை மாற்ற வேண்டியதுதான். சம்பவ இடத்துச் சாம்பிளின் கிராஃபைத் தனியாகப் பிரின்ட் எடுங்கள். எது அலீல், எது ஸ்டட்டர், எது சந்தேகத்துக்கு இடமானது, எத்தனை பேர் கலந்திருக்கிறார்கள், எந்த லோகஸை ஒப்பிட எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் அதிலேயே பேனாவால் எழுதித் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். பென்சில் வேண்டாம்.

அப்புறம் பாதிக்கப்பட்டவரின் ரெஃபரன்ஸை, அதாவது ஒப்பிடுவதற்காக அவரிடமே எடுத்து ஓட்டிய சாம்பிளின் தாளை, திறக்கலாம். அவர் உடலிலிருந்தே எடுத்த சாம்பிள் என்றால் அவருடைய அலீல்கள் அதில் இருப்பது எதிர்பார்த்ததுதான். அதைக் கழித்துப் பார்ப்பதில் தப்பில்லை. கழித்த பிறகு மிஞ்சுவதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சந்தேக நபரின் தாள் எல்லாவற்றுக்கும் கடைசி. அதைப் பார்த்த பிறகு முன்னால் எழுதியதைத் திருத்தத் தோன்றினால் திருத்தலாம். ஆனால் பழையதை அழிக்காமல், ஏன் திருத்தினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத உட்காரும்போதே பாதித் திருத்தங்கள் வேண்டாம் என்று ஆகிவிடும்.

சின்ன ஆய்வகத்தில் ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறார், எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று கேட்பார்கள். ரெஃபரன்ஸ் சாம்பிள்களை வேறொரு நாள் ஓட்டுங்கள். அல்லது பக்கத்து மேஜைக்காரரை ஓட்டச் சொல்லி, முடிவை உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அதேபோல், வழக்கை விவரித்து வரும் கடிதத்தில் "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்" என்று ஒரு வரி இருக்கும். கிராஃபைப் படிப்பவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை, கெடுதல் உண்டு. எங்கள் பிரிவில் பிற்காலத்தில் கடிதத்தைப் பதிவு செய்யும் ஆளே வைத்துக்கொண்டு, எண்ணையும் பொருளின் விவரத்தையும் மட்டும் எங்களுக்கு அனுப்புவார்.

கிராஃபுக்கு முன்னால்

கன்ட்ரோல்களைப் பார்க்காமல் சாம்பிளைப் பார்க்காதீர்கள். நெகட்டிவ் கன்ட்ரோலில், அதாவது சாம்பிளே போடாமல் மற்றதெல்லாம் போட்டு ஓட்டிய குழாயில், எதுவும் வரக் கூடாது. பாசிட்டிவ் கன்ட்ரோலில் கிட்டோடு வரும் டி.என்.ஏ.வின் எண்கள் அச்சு மாறாமல் வர வேண்டும். நெகட்டிவில் சின்னதாக ஒரு பீக் வந்தாலும் "ஒண்ணுதானே" என்று தள்ளாதீர்கள். அது யாருடையது என்று தேடுங்கள். ஆய்வகத்தில் வேலை செய்யும் எல்லோருடைய எண்களும், துப்புரவு செய்பவர் உட்பட, ஒரு பட்டியலில் இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் பல வருடங்கள் ஒரு மர்மப் பெண்ணைத் தேடினார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று 40-க்கும் மேற்பட்ட சம்பவ இடங்களில் அவள் டி.என்.ஏ. கிடைத்தது. 2007-இல் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் போலீஸ் கொல்லப்பட்ட இடத்திலும் கிடைத்தது. 2009-இல்தான் விஷயம் வெளிவந்தது. அது சாம்பிள் எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரிப்பதில் ஈடுபட்ட ஒரு தொழிலாளியின் டி.என்.ஏ. குச்சி கிருமி நீக்கப்பட்டதுதான். ஆனால் கிருமி இல்லை என்றால் டி.என்.ஏ. இல்லை என்று அர்த்தமில்லை. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை 2016-இல் வந்தது. உங்கள் ஸ்டோரில் இருக்கும் குச்சிப் பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

இங்கிலாந்தில் 2011-இல் நடந்தது வேறு ரகம். எக்ஸிடர் ஊர் இளைஞர் ஒருவரின் எச்சில் சாம்பிள் ஓட்டிய பிளாஸ்டிக் தட்டை, ஆய்வகத்தில் மறுபடியும் பயன்படுத்திவிட்டார்கள். மான்செஸ்டரில் நடந்த வன்புணர்வு வழக்குச் சாம்பிளில் அவர் டி.என்.ஏ. வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஊருக்கே போனதில்லை என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். அந்த கிராஃபைப் படித்தவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. அது ஏ.சி.தான். டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கபிலரி மெஷின் ஓடும் அறையின் வெப்பம் மாறினால் துண்டுகள் நகரும் வேகமும் மாறும். சென்னையில் மே மாதம், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அறை சூடாகிவிட்டால், பீக்குகள் அரை பேஸ் (பேஸ் என்பது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து) அளவுக்கு நகர்ந்து உட்காரும். தெரிந்த அலீல்களை வரிசையாகக் கொண்ட அளவுகோலான லேடரோடு பொருந்தாமல் "ஆஃப் லேடர்" என்று மென்பொருள் கத்தும். கத்தினால் பரவாயில்லை. கத்தாமல் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்தால்தான் ஆபத்து. டிஎச்01 லோகஸில் 9.3 என்ற அலீலுக்கும் 10 என்ற அலீலுக்கும் ஒரே ஒரு பேஸ்தான் வித்தியாசம். ஆகவே ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் பக்கத்திலேயே ஒரு லேடர் ஓட வேண்டும். காலையில் ஓட்டிய லேடரை வைத்து மத்தியானச் சாம்பிளைப் படிக்காதீர்கள்.

இன்னொன்று, சாம்பிள் வந்த கோலம். ரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பாலித்தீன் கவரில் கட்டி அனுப்புவார்கள். பிரித்தால் பூஞ்சை. காயவைத்துக் காகித உறையில் போடச் சொல்லி எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அப்படி வந்தவற்றில் டி.என்.ஏ. துண்டு துண்டாகிப் போயிருக்கும். கிராஃபில் இடது பக்கச் சின்னத் துண்டுகள் உயரமாகவும், வலது பக்கம் போகப் போகப் படிக்கட்டு இறங்குவது போலவும் தெரியும். கடைசியில் பெரிய லோகஸ்களில் ஒன்றுமே இருக்காது. அங்கே பீக் இல்லை என்பதால் அந்த அலீல் ஆளுக்கு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நம்மிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அளவையும் பாருங்கள். மனித செல் ஒன்றில் சுமார் 6.6 பிகோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது. 100 பிகோகிராம் என்றால் 15 செல். அத்தனை கொஞ்சத்திலிருந்து குழாயில் எடுக்கும்போது, ஒருவருடைய இரண்டு அலீல்களில் ஒன்று குழாய்க்குள் வராமலே போகலாம். அதைத்தான் டிராப் அவுட் என்கிறோம்.

ஒரே ஆளுடையது என்றால்

இது சுலபம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு லோகஸிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே பீக். இரண்டு பீக் இருந்தால் சின்னதைப் பெரியதால் வகுங்கள். நல்ல சாம்பிளில் 60 சதத்துக்கு மேல் இருக்கும். வேலிடேஷனில், அதாவது முறையை உங்கள் ஆய்வகத்திலேயே சோதித்துப் பார்த்ததில், உங்களுக்கு வந்த எண் எதுவோ அதுதான் உங்களுக்கு வேதம். என்னுடைய 60-ஐயோ கிட் கம்பெனியின் கையேட்டையோ கோர்ட்டில் காட்டித் தப்பிக்க முடியாது.

உயரத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு. அனலிட்டிக்கல் த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பதை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது, தொடாதீர்கள். ஸ்டோகாஸ்டிக் த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பது உண்மையான பீக்தான். ஆனால் அதன் ஜோடி காணாமல் போயிருக்கலாம். 90 உயரத்தில் ஒற்றை பீக்காக 15 நின்றால் "15, 15" என்று எழுதக் கூடாது. "15, தெரியாது" என்றுதான் எழுத வேண்டும். புதியவர்கள் மிக அதிகமாகத் தவறுவது இங்கேதான்.

மற்ற குப்பைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். கிராஃபில் பல நிறச் சாயங்கள் தனித்தனி வரிசையாக வரும். ஒரு நிறத்தில் பெரிய பீக் இருந்து, அதே இடத்தில் வேறு நிறத்தில் குட்டியாக ஒன்று தெரிந்தால் புல்-அப். எல்லா நிறத்திலும் ஊசி போல ஒன்று நின்றால் ஸ்பைக். மறுபடி இன்ஜெக்ட் செய்தால் ஸ்பைக் ஓடிவிடும். அகலமாக, சப்பட்டையாக இருந்தால் சாயக் கட்டி.

கலவை

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் காத்திருக்கச் சொல்லுங்கள்.

முதல் கேள்வி, எத்தனை பேர்? ஒரு லோகஸில் அதிகபட்சம் எத்தனை அலீல் என்று எண்ணி இரண்டால் வகுப்பது பழைய வழி. 5 இருந்தால் குறைந்தது 3 பேர். இந்தக் "குறைந்தது" என்ற சொல்லைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அலீல்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். அமெரிக்காவில் முன்பு பயன்படுத்திய 13 லோகஸ்களை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கையை மட்டும் நம்பினால், 4 பேர் கலந்த கலவைகளில் 70 சதத்துக்கும் மேலானவை 2 அல்லது 3 பேர் கலவை மாதிரிதான் தெரியும். அதுவும் உறவில்லாத ஆட்களை வைத்துப் போட்ட கணக்கு. நம்மில் அக்கா மகளைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள், மாமன் மகளைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் நடந்த சம்பவம் என்றால் கலவையில் இருப்பவர்கள் பாதி அலீல்களைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். எண்ணிக்கையோடு உயரங்களையும் பாருங்கள். இரண்டு பேர்தான் என்றால் உயரங்கள் எல்லா லோகஸிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பிரிய வேண்டும். ஒரு லோகஸில் மட்டும் பிரிய மறுத்தால் மூன்றாவது ஆள் ஒளிந்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது என் பழைய கத்திப் பிடிக்கு வருவோம். 12, 13, 16, 18. ஸ்டோகாஸ்டிக் வரம்பு 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 13-ம் 16-ம் பெரும்பங்குக்காரருடையவை, விகிதம் 91 சதம், பிரச்சினை இல்லை. 18 யாருடையது? சிறு பங்குக்காரருடையது. ஆனால் 190 என்பது 200-க்குக் கீழே. ஜோடி காணாமல் போயிருக்கலாம். ஜோடி 13 ஆக இருந்து பெரிய பீக்குக்குள் மறைந்திருக்கலாம். 16 ஆகவும் இருந்து மறைந்திருக்கலாம். 18-ஏ இரண்டு முறை இருக்கலாம். 12 ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் 165-இல் கொஞ்சம் ஸ்டட்டர், கொஞ்சம் உண்மை என்று இருக்க வாய்ப்புண்டு. ஆக அந்த இடத்தில் நேர்மையான பதில் "18, ஏதோ ஒன்று". நான் எழுதியது "12, 18".

ஒரே ஒரு லோகஸ்தானே, என்ன வந்துவிடப் போகிறது? கணக்கு போடுவோம். மக்களிடம் உள்ள அலீல்களில் 12 என்பது 100-க்கு 10, 18 என்பது 100-க்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். "12, 18" என்று எழுதினால் 2 × 0.10 × 0.08, அதாவது 62 பேரில் ஒருவருக்குப் பொருந்தும். "18, ஏதோ ஒன்று" என்று எழுதினால் தோராயமாக 2 × 0.08, ஆறு பேரில் ஒருவருக்குப் பொருந்தும். ஒரு லோகஸிலேயே 10 மடங்கு. இப்படி மூன்று லோகஸில் தாளைப் பார்த்துப் படித்திருந்தால் 1000 மடங்கு. அந்த 1000 மடங்கும் கிராஃபிலிருந்து வந்ததில்லை, என் தலையிலிருந்து வந்தது.

சந்தேக நபருக்குச் சாதகமாக இருக்கிறதே என்று பொருந்தாத லோகஸை மட்டும் "டிராப் அவுட்" என்று தள்ளுவதும் இதே தப்புதான். எந்த லோகஸை எடுப்பது, எதை விடுவது என்பதை அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2013-இல் 108 ஆய்வகங்களுக்கு ஐந்து போலி வழக்குகளை அனுப்பியது. ஐந்தாவதில் 4 பேர் கலந்திருந்தார்கள், ஆனால் பார்ப்பதற்கு 2 பேர் மாதிரி தெரியும்படி வேண்டுமென்றே தயாரித்திருந்தார்கள். ஒப்பிடக் கொடுத்த சந்தேக நபர்களில் ஒருவர் அந்தக் கலவையிலேயே இல்லை. 108-இல் 74 ஆய்வகங்கள் அவரை உள்ளே சேர்த்துவிட்டன. சரியாக விலக்கியவை 7 மட்டுமே. முடிவுகள் 2018-இல் வெளியாயின. சில கலவைகளுக்குச் சரியான பதில் "முடிவு கூற இயலவில்லை" என்பதுதான். அதை எழுதக் கூச்சப்படாதீர்கள். மேலதிகாரி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

எஸ்டிஆர்மிக்ஸ், யூரோஃபார்மிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது உயரங்களையும் டிராப் அவுட்டையும் சேர்த்தே கணக்கு போடுகின்றன. கையால் கணக்கு போட்ட காலத்தைவிட எவ்வளவோ மேல். யூரோஃபார்மிக்ஸ் இலவசம்கூட. ஆனால் எத்தனை பேர் கலந்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நீங்கள்தான் அதற்குச் சொல்கிறீர்கள். 3 என்று போட்டு ஒரு முறையும் 4 என்று போட்டு ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். விடை தலைகீழாக மாறினால் அதையும் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

எண்ணை வாக்கியமாக்குவது

லைக்லிஹுட் ரேஷியோ என்ற எண்ணைத் தமிழில் இப்படி எழுதச் சொல்வேன்: "இந்தக் கலவையில் இறந்தவரும் சந்தேக நபரும் இருந்தால் இப்படி ஒரு கிராஃப் கிடைக்கும் வாய்ப்பு, இறந்தவரும் சந்தேக நபருக்கு உறவில்லாத வேறு யாரோ ஒருவரும் இருந்தால் கிடைக்கும் வாய்ப்பைப்போல் இத்தனை மடங்கு." நீளமான வாக்கியம்தான். சுருக்கினால் பொய்யாகிவிடும்.

எல்லோரும் சுருக்குவது இப்படி: "பொருந்தும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று, ஆகவே இவர் குற்றமற்றவராக இருக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்." காக்கை கருப்பாக இருக்கும் என்பது வேறு, கருப்பாக இருப்பதெல்லாம் காக்கை என்பது வேறு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. 10 லட்சத்தில் ஒருவர் என்றால் மாநிலத்தில் 72 பேருக்குப் பொருந்தும். அந்த 72 பேரில் இவர் ஒருவர் என்பதுதான் டி.என்.ஏ. மட்டும் சொல்வது. மற்றதை மற்ற சாட்சியங்கள் சொல்ல வேண்டும். அரசு வழக்கறிஞர் நம் வாயிலிருந்து அந்தச் சுருக்க வாக்கியத்தை வரவழைக்கப் பார்ப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ, 72 பேர் இருக்கிறார்கள், ஆகவே இதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லவைக்கப் பார்ப்பார். இரண்டுக்கும் தலையாட்டக் கூடாது.

"உறவில்லாத" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேருக்கு ஒரு லோகஸில் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். அண்ணன்தான் செய்தான் என்று தம்பி சொன்னால் கணக்கையே மறுபடி போட வேண்டும். எல்லா லோகஸிலும் எண் கிடைத்த முழு ப்ரொஃபைலில் அப்போதும் பெரிய எண்ணே வரும். அரைகுறை ப்ரொஃபைலில் வராது.

ஒய் குரோமோசோமில் உள்ள ரிப்பீட்களை மட்டும் படிக்கும் ஒய் எஸ்டிஆர் இன்னும் மோசம். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகிறது. அப்பா, மகன், அண்ணன் தம்பி, சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் மகன்கள் என்று பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரே வரிசைதான். மாமன் மச்சானைப் பிரித்துக் காட்டும், பங்காளியைப் பிரித்துக் காட்டாது. கிராமத்தில் ஒரே தெருவில் எத்தனை பங்காளிகள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆணா பெண்ணா என்று காட்டும் அமெலோஜெனின் பற்றியும் ஒன்று. எக்ஸ் மட்டும் வந்தால் பெண் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் நம் பகுதி ஆண்கள் சிலருக்கு ஒய்-யில் அந்தத் துண்டே இருக்காது. இலங்கை ஆண்கள் 24 பேரைப் பார்த்ததில் 2 பேருக்கு இல்லை என்று 1998-இலும், இந்திய ஆண்கள் 270 பேரில் 5 பேருக்கு இல்லை என்று ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) ஆய்வாளர்கள் 2002-இலும் எழுதினார்கள். எக்ஸ் மட்டும் தெரிந்து, கிட்டில் உள்ள மற்ற ஒய் குறிகள் இருந்தால், ஆள் ஆண்தான்.

யாருடையது, எப்படி வந்தது

கிராஃப் யாருடையது என்பதைப் பற்றித்தான் பேசும். எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. கலிபோர்னியாவில் 2012-இல் ஒரு கொலை நடந்தது. இறந்தவரின் நகத்தில் ஒருவருடைய டி.என்.ஏ. அந்த ஆளோ சம்பவ இரவில் குடித்து மயங்கி மருத்துவமனையில் கிடந்தார். அவரை ஏற்றிச் சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். கோர்ட்டில் "அப்படியானால் இவர் கத்தியைப் பிடித்தார் என்கிறீர்களா?" என்று கேட்டால், பிடித்தார் என்றும் சொல்லாதீர்கள், பிடிக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள்.

அறிக்கையோடு கிராஃபையும் வையுங்கள். எண் அட்டவணையை மட்டும் ஒட்டி "ஒத்துப்போகிறது" என்று ஒரு வரி எழுதி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டெல்லி சாவ்லா பகுதிப் பெண் கொலை வழக்கில் 2022-இல் தூக்குத் தண்டனை பெற்றிருந்த மூன்று பேரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டி.என்.ஏ. அறிக்கையின் முடிவுகளுக்கு அடிப்படை என்ன, முறைகள் நம்பகமாகப் பின்பற்றப்பட்டனவா என்று கீழ் நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்று தீர்ப்பில் சொன்னது. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கிலும் 2025 ஜூலை 15 அன்று தண்டனையை ரத்து செய்தது. சாம்பிள் எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வர வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று முதலிலிருந்து கடைசி வரை ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. ஆக, உங்கள் மேஜைக்கு உறை வரும்போது முத்திரையையும் தேதியையும் பார்த்து எழுதிக்கொள்வதும் கிராஃப் படிப்பதில் சேர்த்திதான். மெஷினின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு நிபுணர் கேட்டால் அதைத்தான் கேட்பார்.

வகுப்பின் கடைசியில் ஒரு பயிற்சி கொடுப்பேன், நீங்களும் செய்து பார்க்கலாம். முடிந்துபோன பழைய வழக்கு ஒன்றின் கலவை கிராஃபைப் பெயர், எண் எல்லாம் மறைத்துப் பிரின்ட் எடுங்கள். திங்கட்கிழமை அதை மட்டும் படித்து எழுதிப் பூட்டி வையுங்கள். வெள்ளிக்கிழமை அதே கிராஃபைச் சந்தேக நபரின் எண்களோடு சேர்த்துப் புதிதாகப் படித்து எழுதுங்கள். அப்புறம் திங்கட்கிழமைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, மாறியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். என் தாளில் முதல் முறை ஏழு வட்டம் விழுந்தது.